வெட்டு என்றால் ஒன்று

பெட்டியைப் பொருத்திய அன்றைக்கே கதவு மறுவளமாகத்தான் வேலை செய்தது. வயல் காய்ந்து கிடந்தபோது மூடிக்கொண்டது. ஒரு வாளி தண்ணீரை மிதவைக் குழாய்க்குள் ஊற்றி, வயல் நிரம்பிவிட்டதென்று அதை நம்பவைத்ததும் திறந்தது.

வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அமராவதி கேட்டாள்: "ஏங்க மிஸ், இதுக்கு யாரு மேல கோவம்?"

எண்பத்திரண்டாம் ஆண்டின் சிறுபோக நெற்பருவம் அது. கிளிநொச்சியில் எங்கள் நீர்ப்பாசனப் பரிசோதனைப் பண்ணையில் ஆறு வயல் துண்டுகள் இருந்தன. அதில் நாலாவது துண்டுக்குத் தண்ணீர் விடுகிற வேலையை ஒரு சின்னக் கணினியிடம் கொடுத்துப் பார்க்கிறதென்று திட்டம். கணினி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பச்சைப் பலகை, இருபது பொத்தான்கள், சிவப்பாக எரிகிற ஆறு இலக்கங்கள், நாடா போன்ற ஒடுங்கிய கடதாசியில் அச்சடிக்கிற ஒரு கருவி. எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டு வயலோரக் கொட்டிலுக்குள் வைத்திருந்தோம். வயலில் தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கிப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி, வாய்க்காலில் இருந்த சிறிய இரும்புக் கதவுக்குச் சொல்லும். கதவு தூக்கும், தண்ணீர் பாயும். நிரம்பினால் கதவு விழும். பெட்டியை ஒரு வெளிநாட்டுத் திட்டம் தந்தது. அதற்குள் ஓடுகிற நிரலை எழுதியவள் நான். கட்டுபெத்தைப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு வந்த எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இந்தப் பெட்டிக்காகவே என்னைக் கிளிநொச்சிக்கு அனுப்பியிருந்தார்கள்.

அமராவதிக்கும் என் வயதுதான். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவள். மற்ற ஐந்து துண்டுகளுக்கும் தண்ணீர் பார்ப்பது அவள் வேலை. பெட்டி வந்ததில் அவளுக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. "இது ஆறையும் பாத்துக்கிட்டா நான் உக்காந்து வெத்தல போடுவேன்" என்றாள். "ஆனா இப்ப இருக்கிற புத்தியில இது எனக்கும் சேத்து வேல வைக்கும் போலிருக்கு."

கதவு மறுவளமாக நடந்தால் பிழை இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருக்கவேண்டும். ஒன்று, மிதவையிலிருந்து பெட்டிக்கு வருகிற கோடு. மற்றது, பெட்டியிலிருந்து கதவுக்குப் போகிற கோடு. மிதவையோடு ஒரு படம் வந்திருந்தது, வெளிநாட்டில் அச்சடித்தது. கதவுக்கு வயர் இழுத்தவர் வவுனியாவிலிருந்து வந்த தில்லைநாதன் அண்ணை. அவர் போகும்போது ஒரு சிகரெட் பெட்டி மட்டையில் எழுதித் தந்துவிட்டுப் போனார்: வெட்டு = 1, கட்டு = 0. கதவுக் கோட்டில் நான் ஒன்றை விட்டால் வெட்டு, கதவு திறக்கவேண்டும். பூச்சியத்தை விட்டால் கட்டு, கதவு மூடவேண்டும். இதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆகவே படம்தான் பிழை, மிதவைதான் மறுவளம் என்று முடிவெடுத்தேன். மீற்றரை எடுத்து அளந்திருக்கலாம். அளக்கவில்லை. என் மொழியில் கையால் எழுதிய மட்டையை நம்புவது சுகமாக இருந்தது.

நிரலில் ஒரு வரியை மாற்றினேன். மிதவை "நிரம்பியது" என்று சொன்னால் "காய்ந்தது" என்று எடுத்துக்கொள், "காய்ந்தது" என்றால் "நிரம்பியது" என்று எடுத்துக்கொள். மாற்றியதைப் புதிய சிப் ஒன்றில் எழுதவேண்டியிருந்தது. என்னிடம் இருந்தவை இரண்டே இரண்டு சிப்புகள். ஒன்றில் முதல் நிரல் இருந்தது, ஆகவே மற்றதில் இதை எழுதினேன். பழையதை அழித்தால்தான் திரும்பப் பாவிக்கலாம். அதன் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதன் வழியாகப் புறஊதாக் கதிர் பட்டால் எழுதியது அழியும். அந்த விளக்கு கொழும்பில்தான் இருந்தது. விளக்கு இல்லாதவர்கள் ஒரு கிழமை நேர் வெயிலில் வைக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. வெயிலுக்குக் கிளிநொச்சியில் என்ன குறை? அமராவதி மிளகாய் காயப்போடுகிற பாயின் ஓரத்தில், சவர்க்காரக் கோப்பை ஒன்றில், சன்னல் மேலே பார்க்க அதை வைத்தேன்.

"எத்தன நாளு காயணும்?"

"ஒரு கிழமை. பத்து நாள் எண்டா இன்னும் நல்லது."

"மொளகாயே மூணு நாள்ல காஞ்சிரும்" என்றாள். "என்னா ரகமோ."

புதிய சிப்பைப் போட்டதும் கதவுக்குப் புத்தி வந்துவிட்டது. காய்ந்தால் திறந்தது, நிரம்பினால் மூடியது. எங்கள் உதவிப் பணிப்பாளர் முத்துலிங்கம் சேர் குடையோடு வந்து அரை மணித்தியாலம் வரம்பில் நின்று பார்த்தார். "கெட்டிக்காரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் அவ்வளவு பேசுவதே அதிகம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கிழமைகளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கரடிப்போக்கில் ஒரு வீட்டின் பக்க அறையில் இருந்தேன். காலையில் வாய்க்கால் கரையால் சைக்கிளில் வருவேன். கொட்டிலைத் திறப்பேன், கடதாசி நாடாவைச் சுருட்டி நாளைப் போட்டு வைப்பேன், வயலைச் சுற்றி வருவேன். பத்து மணிக்கு அமராவதி தேத்தண்ணி ஊற்றுவாள். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு தனியே சாப்பிடுவேன். அந்த வேளையில் ஒருவரும் என்னைத் தேடுவதில்லை. நானும் யாரையும் தேடியதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாள் முடியும்போது அந்த நாளின்மேல் எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

இதை நான் வீட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் அண்ணாவோடு இருந்தா. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை பஸ்ஸில் போவேன். ஆனையிறவில் உப்பளம் தெரியத் தொடங்கியதும் முகத்தைக் களைப்பாக்கிக்கொள்வேன். யாரும் சொல்லித்தந்து செய்ததல்ல. முகம் தானாகவே அப்படிப் போகும். நான் இல்லாமல் அம்மா சாப்பிட்டு முடித்த பதினாலு நாட்களுக்கு முன்னால் என் சந்தோசத்தைக் கொண்டுபோய் வைக்க வெட்கமாக இருந்தது. "மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்பா. உண்மையில் எனக்கு இரண்டு சட்டைகள் இறுக்கமாகியிருந்தன. நான் ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. பேசாமல் கை கழுவப் போவேன். அம்மாவுக்கு அது போதும்.

அப்படித்தான் அண்ணாவின் கடிதம் வந்தது. பரமேஸ்வரன் அண்ணா யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை. மூன்று கிழமையாக அலைந்து எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் ஒழுங்கு செய்துவிட்டார். "படிவம் கையிலை இருக்குது. வெள்ளிக்கிழமை ஒரு அலுவலாய் கிளிநொச்சிப் பக்கம் வாறன். கையெழுத்தை வைச்சால் சரி. இனி நீ கஷ்டப்படத் தேவையில்லை" என்று எழுதியிருந்தார்.

கடிதத்தைக் கொட்டில் வாசலில் இருந்து வாசித்தேன். எனக்கு இங்கேயே இருக்கத்தான் விருப்பம். அதை அவ்வளவு தெளிவாக நான் அறிந்தது அப்போதுதான். ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? வேலை அதிகம், இப்போது விடமாட்டார்கள் என்று சொல்லலாம். அப்படியென்றால் அம்மா அழமாட்டா, அரசாங்கத்தை மட்டும் திட்டுவா. நல்லகாலம், முத்துலிங்கம் சேரும் அதே வெள்ளிக்கிழமைதான் நாடாக்களைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்று சொல்லியிருந்தார். கணக்கு நன்றாக இருந்தால் அடுத்த பருவமான காலபோகத்துக்கும் பெட்டி நிற்கும்.

"பெட்டி நிண்டா நீரும் நிக்கலாம்" என்றார். "அதைத் தூக்கிக்கொண்டு போனா உமக்கு இஞ்சை என்ன வேலை?"

நான் வாய் திறக்கவேண்டியதில்லை, பெட்டி எனக்காகப் பேசும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தபோது நாலாம் துண்டில் அமராவதி முழங்கால் தண்ணீரில் நின்றாள். விடியப்புறம் கறண்ட் நின்று பத்து நிமிடத்தில் திரும்ப வந்திருக்கிறது. வந்ததும் கதவு தூக்கியபடியே நின்றுவிட்டது. முளைத்து இரண்டு கிழமையான பயிரின் நுனிகூட வெளியே தெரியவில்லை.

"கீழ் வரப்ப ஒடச்சி விட்டுட்டேன்" என்றாள். "ஒரு மணி நேரத்துல வடிஞ்சிரும். பயிரு சாவாது, பயப்படாதீங்க. தண்ணி பாத்த பயிருதானே."

ஆனால் இது நடந்திருக்கக்கூடாது. கறண்ட் நின்று வந்தால் பெட்டி முதல் காரியமாகக் கதவைக் கட்டிவிட்டு, நான் வந்து பொத்தானை அழுத்தும்வரை சும்மா இருக்கவேண்டும். நான்தான் அப்படி எழுதியிருந்தேன். பூச்சியம், கட்டு, பாதுகாப்பு.

கொட்டிலுக்குள் போய் நாடாக்களை மேசையில் விரித்தேன். இரண்டு கிழமையாகச் சுருட்டிச் சுருட்டி வைத்தேனே தவிர, ஒன்றைக்கூட வாசித்திருக்கவில்லை. இப்போது வாசித்தேன். காய்ந்தது, திறந்தது. காய்ந்தது, திறந்தே இருக்கிறது. நாள் முழுக்கக் காய்ந்த வயல், நாள் முழுக்கத் திறந்த கதவு. நான் சோறு சாப்பிட்டுக்கொண்டு என் கண்ணாலேயே பார்த்த மத்தியானங்களில், நிரம்பிய வயலுக்குப் பக்கத்தில் மூடிய கதவு இருந்ததே, அந்த மத்தியானங்களையும் அது அப்படித்தான் எழுதி வைத்திருந்தது. நாடாவில் ஓர் இடமும் முன்னுக்குப் பின் முரண் இல்லை. வயலுக்கு நேரே மறுவளம், அவ்வளவுதான்.

விளங்கிவிட்டது. பிழை மிதவையில் இல்லை. சரியாக இருந்த ஒன்றை நான் பிழையாக்கி, முன்பே இருந்த பிழைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து வெளியே சரியாக நடந்தன. பெட்டி உள்ளே, வயல் காய்ந்து கிடக்கிறது, நான் ஓயாமல் தண்ணீர் விடுகிறேன் என்று நம்பிக்கொண்டே கதவை மூடி வைத்திருந்தது.

சொல்ல வெட்கம்தான், ஆனால் முதலில் எனக்கு வந்த யோசனை அச்சையும் மாற்றிவிடலாம் என்பது. "திறந்தது" என்று வருகிற இடத்தில் "மூடியது" என்று அடிக்கச் சொன்னால் சரி. இரண்டு வரி வேலை. வெள்ளிக்கிழமைக்குள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பென்சிலை எடுத்து எழுதவும் தொடங்கிவிட்டேன். வெளியே அமராவதி வடிகிற தண்ணீருக்குள் காலைச் சளசளவென்று இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. அச்சை மாற்றினாலும், அடுத்த முறை கறண்ட் நின்று வந்தால் அவள் திரும்பவும் இதே தண்ணீரில்தான் நிற்பாள். பென்சிலை வைத்தேன்.

அப்படியானால் முதல் பிழை கதவுக் கோட்டில். மட்டையை எடுத்து எத்தனையோ தரம் பார்த்தேன். வெட்டு = 1. எழுத்து மழுங்கவில்லை, ஒன்று ஒன்றாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு அமராவதி தேத்தண்ணியோடு வந்து வாசலில் குந்தினாள். சேலைக் கரை முழங்கால்வரை சேறு.

"இன்னும் கண்டுபிடிக்கலீங்களா?"

"இல்லை."

"இது எங்க தோட்டத்துத் தொர மாதிரி இருக்கு மிஸ். அங்க லயத்து வீட்டுல நாங்க ஏதாச்சும் சத்தம் போட்டா, ஆளு வந்து பேசமாட்டாரு. பீலிக் கொழாயில தண்ணிய வெட்டிருவாரு. ரெண்டு நாளைக்கு."

நான் மட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "வெட்டிவிட்டா உங்களுக்கு நல்லதுதானே. தண்ணி வரும்."

அவள் கோப்பையை வாயிலிருந்து எடுத்தாள். "தண்ணிய வெட்டுனா எப்பிடிங்க மிஸ் வரும்?"

"வக்கடையை வெட்டினா தண்ணி பாயும்தானே."

"வரப்ப வெட்டுனா பாயும். தண்ணிய வெட்டுனா நின்னுரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது உங்க காலேஜ்ல சொல்லித்தரலீங்களா?" என்றாள்.

சொல்லித்தரவில்லை. நான் அங்கே படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். வெட்டு என்ற சொல்லை அந்தப் படிப்பு தொடவே இல்லை. அது எனக்குக் கண்டாவளையில், அப்பாவின் வயலில் கிடைத்த சொல். அங்கே வக்கடையை வெட்டு என்றால் வரம்பின் வாயைத் திற, தண்ணீர் போகட்டும் என்று அர்த்தம். கட்டு என்றால் மண் போட்டு மூடு. பன்னிரண்டு வயதுவரை காதில் விழுந்த சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் மட்டையைக் கணினிக்காரியாக வாசிக்கவில்லை. கமக்காரன் மகளாக வாசித்திருக்கிறேன். எழுதியவரோ வயர்க்காரர்.

பண்ணைக் கந்தோருக்குப் போய் வவுனியாவுக்கு டிறங் கோல் போட்டேன். அரை மணித்தியாலம் கழித்துத் தில்லைநாதன் அண்ணையின் கடை கிடைத்தது.

"அண்ணை, அந்த மட்டையிலை வெட்டு எண்டு எழுதினீங்கள்."

"ஓம் தங்கச்சி, எழுதினனான்."

"எதை வெட்டுறது?"

"வயரைத்தான். பின்னை என்னத்தை, வரம்பையே?" அவருடைய சிரிப்பு கம்பி வழியாக இரைச்சலோடு வந்தது. "ஒண்டை விட்டா வயர் வெட்டுப்படும், கதவு தன்ரை பாரத்திலை விழும். பூச்சியத்தை விட்டா வயரைக் கட்டினமாதிரி, கதவைத் தூக்கும். ஏன், பிழையே?"

"இல்லை அண்ணை. நீங்கள் எழுதினது சரி. நான் வரம்பை எண்டு நினைச்சிட்டன்."

"அதுவும் சரிதான்" என்றார். "எங்கடை அப்புவும் கமம்தான். நான் அப்பிடி யோசிக்கேல்லை."

திரும்பி வந்து நிரலைக் கடதாசியில் முழுதாக எழுதினேன். அதில் மூன்று பகுதிகள் இருந்தன. ஒன்று மிதவையைக் கேட்டு முடிவெடுக்கும். ஒன்று அச்சடிக்கும். மூன்றாவது கதவோடு பேசும். முடிவெடுக்கிற பகுதி கதவை நேரே தொடுவதில்லை. "திற", "மூடு" என்று இந்த மூன்றாவதிடம் சொல்லும். இதுதான் அந்தச் சொல்லை ஒன்றாகவோ பூச்சியமாகவோ மாற்றி வயரில் விடும். எங்கள் தொழிலில் இதை டிறைவர் என்போம். மறுவளம் இருந்தது இங்கேதான். ஆகவே திருத்தவேண்டியதும் இங்கேதான்.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அமராவதிக்கு இதை விளங்கப்படுத்தினேன்.

"அப்ப டிறைவரு சொன்ன ரோட்டுக்கு எதிர்ப்பக்கமா ஓட்டியிருக்காரு."

"ஓம். நான் போய் டிறைவரை விட்டிட்டு, பயணிக்கு வழியை மாத்திச் சொல்லிக்குடுத்தனான்."

"பயணி பாவம்" என்றாள்.

மாற்றம் சின்னது. ஒன்றோ பூச்சியமோ வயருக்குப் போகுமுன் அதைப் புரட்டிவிடுகிற ஒரு கட்டளையை டிறைவருக்குள் போட்டேன். இரண்டு கிழமைக்கு முன் மிதவைக்குச் செய்த மாற்றத்தை எடுத்துவிட்டேன். வெளிநாட்டுக்காரன் அச்சடித்த படம் முதலில் இருந்தே சரியாகத்தான் இருந்தது. இந்த முறை மீற்றரை எடுத்து மிதவையையும் அளந்தேன், கதவையும் அளந்தேன். அளந்ததை ஒரு கொப்பியில் எழுதினேன். கதவுக்கு நேரே "தூக்கு", "விழுத்து" என்று எழுதினேன். அந்தச் சொற்களுக்கு வயலிலும் வயரிலும் ஒரே அர்த்தம்தான்.

மிளகாய்ப் பாயிலிருந்து சிப்பை எடுத்தேன். இரண்டு கிழமை வெயில் குடித்திருந்தது. பலகையில் போட்டு வாசித்துப் பார்த்தேன். எழுதிய ஒன்றும் இல்லை, முழு வெறுமை. சன்னலில் ஒட்டியிருந்த மிளகாய் விதை ஒன்றை நகத்தால் தட்டிவிட்டுப் புதிய நிரலை எழுதினேன். சன்னலுக்கு மேல் கறுத்த ஒட்டுநாடா ஒட்டினேன், இனி வெயில் படக்கூடாது.

புதன் பின்னேரம் பெட்டி ஓடத் தொடங்கியது. வயல் நிரம்பி நின்றது, கதவு விழுந்து கிடந்தது. நாடாவில் "நிரம்பியது, மூடியது" என்று வந்தது. மெயின் சுவிச்சை இழுத்து நிறுத்தினேன். அமராவதி இருபதுவரை எண்ணினாள். திரும்பப் போட்டேன். கதவு அசையவில்லை. இரண்டு பேரும் ஒரு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம். பார்க்கிறவர்களுக்கு விசர் பிடித்தவர்கள் போலத்தான் இருந்திருப்போம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நாடாக்களை முத்துலிங்கம் சேரின் மேசையில் வைத்தேன்.

"முதல் ரெண்டு கிழமையும் மறுவளம், சேர். திறந்தது எண்டு இருக்கிற இடமெல்லாம் மூடினது. பிழை என்னுடையது. எங்கை விட்டனான் எண்டு எழுதி மேலை வைச்சிருக்கிறன்."

அவர் என் இரண்டு பக்கக் குறிப்பையும் வாசித்தார். வக்கடை என்ற இடத்துக்கு வந்தபோது வாயோரம் கொஞ்சம் அசைந்தது. "இதை இங்கிலீசிலை எழுதி அனுப்பினா அங்கை இருக்கிறவைக்கு விளங்காது. பரவாயில்லை. உள்ளதைச் சொல்லியிருக்கிறீர் எண்டு விளங்கும்." கண்ணாடியைக் கழற்றினார். "காலபோகத்துக்கும் பெட்டி வேணுமெண்டு நான் எழுதலாம். தருவினம். ஆனா உமக்கு மாற்றம் கேட்டு ஒரு கதை அடிபடுது. நீர் போறதெண்டா நான் ஏன் மினக்கெட வேணும்?"

பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. நான் நினைத்தபடி அது எனக்காகப் பேசவில்லை.

"அண்ணா இண்டைக்கு வாறார், சேர். மத்தியானத்துக்குள்ளை சொல்லுறன்."

"உமக்கு என்ன வேணுமெண்டு சொல்லுறதுக்கு அண்ணா வரவேணுமே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அண்ணா பதினொரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு வியர்த்திருந்தது. கொட்டிலுக்குள் இருந்த ஒரே கதிரையில் அவரை இருத்தினேன். அவர் படிவத்தை எடுத்து மேசையில் விரித்து, பேனையைத் திறந்து அதன்மேல் வைத்தார். எல்லாம் நிரப்பியிருந்தது. "காரணம்" என்ற இடத்தில் தன்னுடைய வடிவான கையெழுத்தில் எழுதியிருந்தார்: தங்குமிட வசதியின்மை, தனிமை, உடல் மெலிவு.

"அண்ணா, எனக்கு மாற்றம் வேண்டாம்."

"பயப்பிடாதை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். நான் எல்லாரோடையும் கதைச்சிட்டன்."

"பயத்திலை சொல்லேல்லை. நான் இஞ்சை கஷ்டப்படேல்லை."

"அம்மாட்டைக் கஷ்டம் எண்டு சொன்னனீயாமே."

"நான் சொல்லேல்லை. முகத்தை அப்பிடி வைச்சிருந்தனான்."

அண்ணா என்னைப் பார்த்தார். கணக்குப் பிழைத்த இடத்தைத் தேடுகிற பார்வை அது. "ஏன்?"

வேலை அதிகம், விடமாட்டார்கள் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அவர் பேனையை மூடிக்கொண்டு போயிருப்பார், அடுத்த வருடம் இன்னொரு படிவத்தோடு வந்திருப்பார்.

"நான் சந்தோசமாய் இருக்கிறதைப் பாத்தா அம்மாவுக்கு நோகும் எண்டு நினைச்சனான்" என்றேன். "எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. இந்த வேலை பிடிச்சிருக்கு. தனியே இருக்கிறதும் பிடிச்சிருக்கு."

திறந்த பேனையை அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

அண்ணா படிவத்தைப் பார்த்தார். "மூண்டு கிழமை அலைஞ்சனான்" என்றார்.

"தெரியும், அண்ணா."

"ஒருத்தனுக்கு நாலு தரம் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தனான். விசர்க் கதையெல்லாம் கேட்டனான்."

"என்னிலைதான் பிழை."

அவர் பேனையை மூடினார். "உடல் மெலிவாம்" என்று தனக்குள் சொல்லி, என்னை மேலிருந்து கீழே பார்த்து, படிவத்தை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். "எழுதேக்கையே யோசிச்சனான்."

வாசலில் நின்ற அமராவதி சிரிப்பை அடக்க முடியாமல் வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பஸ் ஏற்றிவிடப் போகும்போது கந்தோரைத் தாண்டித்தான் போகவேண்டும். யன்னலுக்குள் முத்துலிங்கம் சேர் எழுதிக்கொண்டிருந்தார். நான் நின்று, "நிக்கிறன், சேர்" என்றேன். அவர் நிமிர்ந்து தலையாட்டிவிட்டு, அடுத்த கடதாசியை எடுத்தார்.

வீதியோர மரநிழலில் யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காத்துநின்றோம். அண்ணாவின் அலுவல் வேறொன்றும் இல்லை, இந்தப் படிவம்தான் என்று அப்போதுதான் சொன்னார்.

"நான் வர முந்தியே அம்மா வாசல்லை நிண்டு கேப்பா. நான் என்னத்தைச் சொல்ல?"

"நாளைக்கு வந்து நான் சொல்லுறன்."

"நாளைக்கு நீ சொல்லு. இண்டைக்கு நான் ஏதாவது சொல்லத்தானே வேணும்."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. நான் சொன்னேன்: "சந்தோசமாய் இருக்கிறாள், அங்கையே நிக்கப்போறாள் எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் சேர்க்கவேண்டாம்."

"அப்பிடிச் சொன்னா அழுவா."

"அழட்டும்."

"அது நல்லதுக்கு அழுறாவோ கெட்டதுக்கு அழுறாவோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அம்மாவின்ரை அழுகை எல்லாம் எனக்கு ஒண்டுதான்."

இருபத்தாறு வருடம் பார்த்த அழுகை. "அழுது முடிச்சுத் தேத்தண்ணி கேட்டா நல்லதுக்கு" என்றேன்.

"கேக்காட்டி?"

"நீங்கள் ஒண்டு ஊத்திக் குடுங்கோ. குடிச்சாலும் நல்லதுதான்."

அண்ணா பஸ் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "சீனி எவ்வளவு?" என்று கேட்டார். இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அது அவருக்குத் தெரியாது. ஒன்றரைக் கரண்டி என்று சொல்வதற்குள் பஸ் எடுத்துவிட்டது. நான் விரலால் காட்டினேன்.